பல்லிக்குப் பேச்சு நின்ற கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் ஓயாது. இன்றைக்குச் சுவர் மூலையில் ஊமைபோல ஒட்டிக்கிடக்கிறதே, இதே பல்லிதான். அப்போது ஆடு மாடு காக்கை கோழி எல்லாமே பேசும். ஆனால் அவற்றுக்கெல்லாம் வேலை என்று ஒன்று இருந்தது. பல்லிக்கு என்ன வேலை? சுவரில் உட்கார்ந்து நாலு பேர் பேசுவதைக் கேட்க வேண்டியது, அடுத்த வீட்டுச் சுவரில் ஏறி அதைச் சொல்ல வேண்டியது. ஆனால் ஒன்று, கேட்டதைக் கேட்டபடி சொல்லும். ஒரு சொல் கூட்டாது, ஒரு சொல் குறைக்காது. "பல்லி சொல்லிருச்சா? அப்பச் சரிதான்" என்று ஊரே நம்பியது. அதில் பல்லிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தப் பல்லி குடியிருந்தது சடையன் வீட்டில். சடையனுக்குச் சோளக் காடு ஒன்று, வெள்ளையம்மா என்று ஒரு மனைவி, பவளம் என்று ஆறு வயதில் ஒரு மகள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பல்லியை ஈர்க்குச்சியால் குத்தி வால் துடிப்பதை வேடிக்கை பார்க்கும். பவளம் அப்படியில்லை. அது "பல்லியக்கா, பல்லியக்கா" என்று சுவரைப் பார்த்தே நாளெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளையம்மா தனக்குப் பக்கத்தில் தரையை விரலால் மூன்று தட்டுத் தட்டுவாள். எங்கே இருந்தாலும் பவளம் ஓடிவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இப்படி ஒரு வீட்டுக்குத்தான் அந்தக் கேடு வந்தது.

வெள்ளையம்மாவின் வயிற்றில் ஒரு கட்டி வளர்ந்தது. முதலில் சூடு என்றார்கள், குளிர்ச்சியாகக் குடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர முடியாமல் போயிற்று. பக்கத்து ஊர் வைத்தியர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சடையனை வாசலுக்குக் கூட்டிப்போய், "ஒட்டிக்கிற நோவு இல்ல. ஆனா தீர்ற நோவும் இல்ல. அறுவடை வரைக்கும் தாங்குனாப் பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலைப்படிக்கு மேலே இருந்த பல்லிக்கு எல்லாம் கேட்டது.

இது எதுவும் பவளத்துக்குத் தெரியாது. அம்மா தூக்கிக்கொள்ளமாட்டேன் என்கிறாள், தலை சீவிவிட மாட்டேன் என்கிறாள், சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு நாள் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ ஒண்ணும் எனக்கு வேணாம். போ! எங்கிட்டாச்சும் போ!" என்று காலை உதைத்துக் கத்தியது. ஆறு வயசுப் பிள்ளை எல்லாமே ஒருநாள் அப்படிக் கத்தியதுதான். வெள்ளையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "போறேன்டி போறேன், சண்டைக்காரி" என்றாள்.

மூன்றாம் நாள் சடையனின் அக்கா ஒச்சாயி வந்து இறங்கினாள். வந்தவள் வெள்ளையம்மாவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இவ கெடந்து கத்துறதப் பிள்ளை பாக்கக் கூடாதுடா. நம்ம ஆத்தா சாகக் கிடந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். இத்தனை வயசாகியும் அது கண்ண விட்டுப் போகல. தோட்டத்துக் குடிசையில கொண்டுபோய்ப் போடுவோம். பிள்ளைகிட்ட மாமன் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்."

சடையன் நல்லவன்தான். ஆனால் துக்கம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள். தலையை மட்டும் ஆட்டினான்.

பவளம் களத்தில் காய்ந்த போன வருஷச் சோளத்தைக் காக்கைக்கும் கோழிக்கும் காவல் இருந்த நேரம் பார்த்து வெள்ளையம்மாவைக் கட்டிலோடு தூக்கிப்போனார்கள். குடிசை அதிக தூரமில்லை, இரண்டு வயல் தாண்டி ஒரு பனைவரிசை, அதற்கு அந்தப் பக்கம். ஒச்சாயி பல்லியை அண்ணாந்து பார்த்து விரலை ஆட்டினாள்.

"ஏ பல்லி, ஒன்னயத்தான். பிள்ளை கேட்டா நாங்க சொன்னதையே சொல்லு. அது அழுதா நீயா தாங்குவ?"

தாங்க முடியாதுதான். பல்லி சரியென்றது.

சாயங்காலம் பவளம் வந்தது. கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. அம்மா மாமன் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஒச்சாயி சொன்னாள். பிள்ளை அழவில்லை. நேராகச் சுவருக்கு வந்தது.

"பல்லியக்கா, அம்மா எப்படிச் சொல்லிட்டுப் போனா?"

"எப்படின்னா?"

"போறேன்னு சொன்னாளா? போயிட்டு வாரேன்னு சொன்னாளா?"

வாசலைத் தாண்டுகிற யாரும் நம் வீடுகளில் போறேன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் பெரியவர்கள் திருப்பிக் கூப்பிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லு என்பார்கள். பவளத்துக்கும் அந்தப் பாடம் ஆகியிருந்தது. மூன்று நாளைக்கு முன் அம்மா சிரித்துக்கொண்டே என்ன சொன்னாள் என்பதும் அதற்கு நினைவிருந்தது.

பல்லி அந்த முகத்தைப் பார்த்தது. வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாத பல்லி.

"போயிட்டு வாரேன்னுதான் சொன்னா. என் காதால கேட்டேன்."

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. பல்லிக்கும் நிம்மதியாக இருந்தது. ஒரு பொய் இவ்வளவு சுலபமா என்று அதற்கே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து பவளம், சோளத்துக்குக் காவல் முடிந்ததும் வண்டிப்பாதைப் புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். மாமன் ஊர் வண்டி அந்த வழியாகத்தான் வரவேண்டும். பல்லி வரப்பு வரப்பாக ஊர்ந்து குடிசைக்குப் போகும். வெள்ளையம்மா நாளுக்கு நாள் உருகிக்கொண்டிருந்தாள். வலி விடுகிற கொஞ்ச நேரத்தில் கேட்பதெல்லாம் ஒன்றுதான்.

"பவளம் என்ன பண்றா?"

"நல்லா இருக்கா, சாப்பிடுறா."

"அன்னைக்குப் போன்னு கத்துனா, பாவம். நானும் வெளையாட்டா போறேன்னு சொல்லித் தொலச்சேன். நான் படுத்ததும் அதுனாலதான்னு நெனச்சுக்கிருவா. ஏ பல்லி, நீ சொன்னா அவ நம்புவா. அம்மாவுக்கு வந்தது கட்டி, நீ சொன்ன சொல்லால ஒண்ணும் வரலன்னு சொல்லு. சொல்லுவியா?"

"சொல்லிர்றேன்" என்றது பல்லி. வீட்டுக்கு வந்தது. எப்படிச் சொல்வது? அம்மாவுக்குக் கட்டி என்று சொன்னால் அம்மா எங்கே என்று கேட்கும். மாமன் ஊர் பொய்யாகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டது. அப்படியே பதினோரு நாள் தள்ளிப்போனது.

பன்னிரண்டாம் நாள் உச்சிவேளையில் வெள்ளையம்மா கண் திறந்தாள். குரல் எழும்பவில்லை. "பிள்ளைய ஒருதரம் கூட்டிட்டு வாங்க" என்றாள். ஒச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள். சடையன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பல்லிதான் பொறுக்கமாட்டாமல் கிளம்பியது. வரப்பில் ஓடியது, பனைமரத்தில் ஏறிப் பார்த்தது. புளியமரத்தடியில் பவளம் தானே கோணல்மாணலாகத் தலை சீவிக்கொண்டு, அம்மாவுக்கென்று ஒரு துண்டு கருப்பட்டியை இலையில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதனிடம் போய் எந்த வாயால் சொல்வது? பல்லி பனையிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைசியில் வந்த வழியே திரும்பிவிட்டது.

குடிசைக்குள் ஒச்சாயி அலறிக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாவின் கண் வாசல் பக்கம் திறந்தபடி இருந்தது. அவள் விரல் கட்டில் சட்டத்தின் மேல் மடங்கியிருந்தது. மூன்று தட்டுத் தட்டினாள், அதோடு சரி என்று சடையன் சொன்னான்.

பிள்ளை கண்ணில் படாமல் மறுபாதை வழியாக எடுத்துப்போய் எரித்தார்கள். பவளம் திரும்பியபோது வீடு கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. அப்பா மொட்டையடித்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு ஒச்சாயி, பேன் தொல்லை என்றாள். ஆனால் ஊர் வாயை யார் அடைப்பது? இரண்டாம் நாள் கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "வெள்ளையம்மா போயிட்டாளாமே."

போயிட்டா. அவ்வளவுதான் பவளத்தின் காதில் விழுந்தது.

அன்றோடு பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டது. புளியமரத்தடிக்கும் போகவில்லை. களத்தில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கும், காக்கை கூட்டமாக வந்து சோளத்தைக் கொத்தும், கோழி கிளறும், ஆடு வந்து வாய்வைக்கும். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். சோறு தட்டில் வைத்தால் பூனை வந்து தின்னும், அதையும் விரட்டாது. காக்கைகளுக்கே சங்கடமாகிவிட்டது. "ஏ பிள்ள, எங்களை வெரட்டு, நாங்க பாட்டுக்குத் திங்கிறோம்ல" என்று ஒரு கிழட்டுக் காக்கை கேட்டே விட்டது. பிள்ளை வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டது.

ஒரு நாள் பாதிச் சோளம் போனதைப் பார்த்துச் சடையனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பிள்ளையைப் பிடித்து உலுக்கினான்.

"போன்னு ஒரு சத்தம் போடக்கூட முடியாதா ஒனக்கு?"

பவளம் வாயிலிருந்து கையை எடுத்தது. மெதுவாகச் சொன்னது: "நான் போன்னு சொன்னா போயிருவாங்கப்பா. திரும்பி வரமாட்டாங்க."

சடையனுக்கு விளங்கவில்லை. களத்துச் சுவரில் இருந்த பல்லிக்கு விளங்கிவிட்டது. வெள்ளையம்மா கொடுத்தனுப்பிய சொல் பல்லியின் வாய்க்குள்ளேயே கிடந்து, இந்தப் பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பல்லி துடித்துப்போனது. சுவரிலிருந்து பொத்தென்று குதித்து, பிள்ளையின் காலடிக்கு ஓடி, எல்லாவற்றையும் கொட்டியது. கட்டி, குடிசை, அம்மா சொல்லச் சொன்னது, ஒன்றும் மிச்சமில்லை.

பவளம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தது.

"அன்னைக்குப் போயிட்டு வாரேன்னு சொன்னான்னு சொன்ன. இன்னைக்கு இதச் சொல்ற. நாளைக்கு வேற சொல்லுவ."

காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. ஊரே நம்பிய பல்லியை ஒரு சின்னப் பிள்ளை நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்.

பல்லி சடையனிடம் திரும்பியது. "என் பேச்சு இனிமே செல்லாது. நீதான் சொல்லணும். போயிட்டான்னு சொல்லாத. தூங்குறா, சாமிகிட்ட இருக்கான்னு எதுவும் வேணாம். செத்துட்டான்னு சொல்லு."

"அந்தச் சொல்லைப் பிள்ளைகிட்டயா?" என்றான் சடையன். "நான் சொன்னா மட்டும் நம்புவாளா? நானும் பொய்க்கு நின்னவன்தான்."

பல்லி யோசித்தது. பிறகு வீட்டுக்குள் போய்ச் சுவரேறி, பிள்ளைக்குக் கேட்கும்படி சொன்னது: "பவளம், இதுதான் நான் பேசுற கடைசிப் பேச்சு. இனி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை என் வாயில வராது. இந்த வீட்டுல யாராவது நெசத்தைச் சொன்னா நாக்கைத் தட்டுவேன். பொய்னா தட்டமாட்டேன். நீயே பாத்துக்க."

சொல்லிவிட்டு நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சடையன் தரையில் உட்கார்ந்தான்.  கடைசியில் சொல்லிவிட்டான்.

"அம்மா செத்துட்டாத்தா."

ச்ச், ச்ச், ச்ச் என்றது சுவர். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

"வயித்துல கட்டி வந்து செத்துட்டா. எரிச்சுட்டோம். இனி வரமாட்டா."

ச்ச், ச்ச், ச்ச்.

"நான் போன்னு சொன்னதாலயா?"

"இல்லத்தா. அதுக்கு முன்னாடியே கட்டி இருந்துச்சு. யாரு சொல்லாலயும் கட்டி வராது. ஒன் மேல அவளுக்குக் கோவமே இல்ல."

பல்லி மூன்று முறை தட்டியது. பிள்ளைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டு, அடுப்படியில் இருந்த ஒச்சாயி ஓடிவந்தாள். வந்தவள் தடுக்கவில்லை, நிலையில் சாய்ந்து தானும் அழுதாள்.

அழுது ஓய்ந்தபின் பவளம் கேட்டது: "நீயும் சாவியாப்பா?"

"சீச்சீ, நான் சாகவே மாட்டேன்."

சுவரில் சத்தமில்லை.

பவளம் பல்லியைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. சடையன் திருத்திச் சொன்னான்.

"என்னைக்காச்சும் ஒரு நாள் சாவேன். எப்பன்னு தெரியாது. இருக்கிற வரைக்கும் ஒங்கூடத்தான் இருப்பேன்."

ச்ச், ச்ச், ச்ச்.

பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா தட்டுகிற மாதிரியே, அப்பாவுக்குப் பக்கத்தில் தரையை விரலால் மூன்று தட்டுத் தட்டியது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அந்த முதல் கேள்வியையே கேட்டது, அதற்கு மறுநாளும் கேட்டது. நான் போன்னு சொன்னதாலயா, நான் போன்னு சொன்னதாலயா என்று அறுப்பு முடியும் வரை கேட்டது. சடையன் ஒவ்வொரு முறையும் சொன்னான், பல்லி ஒவ்வொரு முறையும் தட்டியது. தை மாதம் ஒரு நாள் களத்தில் காக்கை இறங்கியபோது, பவளம் எழுந்து நின்று "போ" என்றது. காக்கை பறந்துபோய், சற்று நேரத்தில் திரும்பி வந்தது.

பல்லிக்கு அப்புறம் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்துதான், வீட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி தட்டினால், சொன்னது நெசம் என்று கேட்டவர் விரல் தானாகப் போய்த் தரையைத் தட்டுகிறது.