முறை வைத்துவிட்ட சத்தம்

மடைக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைய உண்டு. வீணாகிவிடுமே என்று செலவழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்க் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சுகிறவன் இருளப்பன். அவனுக்கு டவுனில் புதிதாகக் கட்டிய பெரிய பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிக்கும் வேலை கிடைத்தது. கூடமாட ஒத்தாசைக்குச் சடையனும் மொக்கைச்சாமியும் வந்தார்கள்.

பெரியகருப்பு மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "பதினெட்டுப் பேரைக் கூட்டிட்டு வர்றேன். உன் சத்தத்தைக் கேட்டு நாங்க பதினோரு மணி பஸ்ஸை ஒழுங்காப் பிடிச்சிட்டா, என் மக பஞ்சவர்ணம் உனக்கு."

பஞ்சவர்ணம் என்றால் இருளப்பனுக்கு உயிர். அன்று காலையில் இட்லிகூட இறங்கவில்லை.

பயணிகள் காத்திருக்கும் நாலு கூடத்துக்கும் சத்தம் குறைவில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலாளர் டீ குடிக்கப் போனார். மூவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள்.

"ஒத்த வாயிலேர்ந்து வர்ற சத்தம் இத்தனை ஸ்பீக்கருக்குப் பத்துமா? முதல் ஸ்பீக்கரே மொத்தத்தையும் குடிச்சிரும்," என்றான் சடையன்.

"கடைசியில இருக்கிறது காஞ்சு கிடக்கும்," என்றான் மொக்கைச்சாமி.

"அப்ப முறை வெச்சிருவோம்," என்று இருளப்பன் தீர்ப்புச் சொன்னான். "கூடத்துக்கு அரைமணி நேரம். மத்த மூணையும் அடைச்சிரு."

வடக்குக் கூடத்து முறை நடந்தபோது மற்றக் கூடத்துக்காரர்கள் வாசலில் வந்து ஒட்டுக்கேட்டார்கள். திருட்டுச் சத்தம் ஆகாது என்று மொக்கைச்சாமி மண்வெட்டியோடு விரட்டினான். சத்தம் ஒழுகிவிடக் கூடாதென்று சடையன் சன்னல்களையெல்லாம் சாத்தினான். உள்ளே இருந்தவர்களுக்கு வேர்த்து ஊற்றியது.

மாமா கூட்டம் மேற்குக் கூடத்தில் உட்கார்ந்தது. மேற்குக்கு முறை பதினொன்றரைக்கு. பதினோரு மணிக்கோ தெற்கின் முறை.

இருளப்பனின் விரல் மேற்குச் சுவிட்சு வரை போனது. முறை தவறினால் நாளைக்கு ஊரில் எப்படித் தலைகாட்டுவது? விரலை எடுத்துவிட்டு, தெற்குக்கு மட்டும் அறிவித்தான். அந்த பஸ் தெற்கில் யாருக்கும் தேவைப்படாததால் காலியாகவே போனது.

கல்யாணம் போச்சு என்று மேற்குக் கூடத்துக்கு ஓடினான். பத்தொன்பது பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோளைத் தட்டியதும் மாமா ஒரு கையை மட்டும் எடுத்தார்.

"தெக்க நம்ம பஸ்ஸைச் சொன்னது லேசாக் காதுல விழுந்துச்சு. அடுத்தவன் பங்கை நாம தொடலாமா? அதான் எல்லாரையும் பொத்தச் சொன்னேன். முறை மாறாத பய நீ. பஞ்சவர்ணம் உனக்குத்தான்."

சொல்லிவிட்டு மறுபடியும் பொத்திக்கொண்டார்.

இருளப்பன் ஆனந்தக் கண்ணீரோடு திரும்பி ஓடி, பதினொன்றரை ஆனதும் மேற்கைத் திறந்து, உங்கள் முறை வந்துவிட்டது, கையை எடுக்கலாம் என்று மைக்கில் அறிவித்தான். மூன்று தடவை அறிவித்தும் ஒருவரும் எடுக்கவில்லை. முறை வந்துவிட்டதாக அவர்கள் காதில் இன்னும் எந்த அறிவிப்பும் விழவில்லையே.