டோக்கன் படம் போட்டவர்

"உண்மையை எழுதினா தப்பாம்மா?"

படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் மாசிலாமணி கேட்டுவிட்டார்.

குணவதி அம்மாள் பாயில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாலாற்றங்கரையில் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கிற ஊர் அது. தையற்கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு மாசிலாமணி நாலு வருஷமாக ஞானப் பாடம் கேட்க வருகிறார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, குருவான குணவதி அம்மாளுக்கு முப்பத்தைந்து. மகள் வயசுப் பெண்ணிடம் போய் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வருகிறவர் யாரானாலும் முதலில் தன் பெயரைச் சொல்லவேண்டும், அப்புறம்தான் பேச்சு. தினமும் பார்க்கிற ஆளிடம் இது என்ன கூத்து என்று மாசிலாமணி முதல் வருஷம் முழுக்க முணுமுணுத்தார். பிறகு பழகிவிட்டது.

இன்றைக்கு இருந்த பதற்றத்தில் மறந்தே போனார்.

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குக் கம்பெனியில் விசாரணை.

விஷயம் இதுதான். மாசிலாமணி ஷூ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். கம்பி போட்ட கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நூலும் ஊசியும் எடுத்துக் கொடுப்பார். எதிர்ச்சுவரில் இரண்டு ஆணி. அதில் இரண்டு டோக்கன் தொங்கும். பாத்ரூம் போகவேண்டிய பெண் டோக்கனை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். நாற்பது பெண்களுக்கு இரண்டே டோக்கன். இரண்டும் போயிருந்தால் அடுத்தவள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான்.

போன வாரம் மாசமாக இருந்த ஒரு பெண் அந்த வெற்று ஆணிகளுக்கு முன்னால் நின்று அழுதாள். மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. செல்போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். பேரும் முகமும் இல்லாமல் பேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தார், அதில் போட்டார். "நாப்பது பொண்ணுங்க, ரெண்டு டோக்கன். இதுதான் எங்க கம்பெனி."

ஊரெல்லாம் சுற்றி, கடல் தாண்டி, ஷூ வாங்குகிறவர்கள் கண்ணிலும் பட்டது. மூன்றாம் நாள் சுவரில் எட்டு டோக்கன் தொங்கின. நான்காம் நாள் படம் போட்டது யார் என்று தேட ஆரம்பித்தார்கள்.

படத்தில் கவுண்ட்டர் கம்பி தெரிந்தது. சுவர்க் கடிகாரமும் தெரிந்தது. மூன்று இருபது. அந்த நேரத்துக்கு ஸ்டோர் ரிஜிஸ்டரில் இருந்த பெயர், இவரோடு முறை போட்டு கவுண்ட்டரில் உட்காரும் வேதவல்லி.

வேதவல்லி அன்று மதியமே மகளைப் பள்ளியில் சேர்க்கப் போய்விட்டாள். நீ போம்மா, நான் பார்த்துக்கறேன் என்று அனுப்பி வைத்தவர் இவர்தான். ஸ்டோரில் இருப்பவர்கள் ஒருத்தருக்கொருத்தர் இப்படி உட்கார்ந்துகொள்வது வழக்கம். அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இதையெல்லாம் மாசிலாமணி மளமளவென்று கொட்டினார். நேற்றே பதிவை அழித்துவிட்டதையும், அதற்கு முன்னாலேயே அவர்கள் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பதையும் சொன்னார். தானாகவே வேலையை விடுவதாக வேதவல்லியிடம் எழுதி வாங்கப் போகிறார்களாம். தனக்கு ஓய்வு பெறப் பதினோரு மாதம்தான் இருக்கிறது என்றார். இருபத்து மூன்று வருஷ உழைப்பு என்றார். நான் எழுதியதில் ஒரு வார்த்தையாவது பொய்யா என்று கேட்டார்.

பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அவருக்குக் கோபம் வந்தது. எனக்காகவா எழுதினேன், அந்தப் பெண்களுக்காகத்தானே எழுதினேன் என்றார்.

மணி இரண்டு முப்பது.

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்.

"படம் எடுத்தது நான்தான்னு வேதவல்லிக்குத் தெரியும்மா. ரெண்டு நாளா குடைஞ்சு குடைஞ்சு கேக்கறாங்க. என் பேரைச் சொல்லல."

சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

குணவதி அம்மாள் உரிப்பதை நிறுத்தினார். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"வந்திருக்கறது யாருங்கய்யா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். நாலு வருஷமாக அந்த வாசலில் சர்வசாதாரணமாகச் சொன்ன பெயர் இன்றைக்கு வாயில் வரவில்லை.

அம்மாள் காத்திருந்தார். பிறகு குனிந்து அடுத்த பட்டாணியை எடுத்தார்.

மாசிலாமணி எழுந்தார். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. படியிறங்கி, கண்ணில் பட்ட ஆட்டோவை நிறுத்தி ஏறினார்.

பர்சனல் மேனேஜர் அறையில் வேதவல்லி நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் தட்டச்சு செய்த காகிதம் இருந்தது. அவள் கையில் பேனா.

கதவு திறந்த சத்தத்துக்கு மேனேஜர் தலையைத் தூக்கினார். உங்களை யார் கூப்பிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

வேதவல்லியும் அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

மாசிலாமணி, அம்மாளின் பாய்க்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் பேரு மாசிலாமணி," என்றார்.

வேதவல்லி பேனாவைக் கீழே வைத்தாள்.