ஏரி உடைந்த கதை

"அம்மா, எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சரி என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

அம்பலவாணன் இப்படிச் சொன்னபோது, மடத்துத் தாழ்வாரத்தில் சாந்தநாயகி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்பலவாணனைவிட அம்மையார் வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

அம்பலவாணன் ஒரு காலத்தில் செங்கரையில் நாளிதழ் நடத்தியவர். ஊருக்கே அவர் 'ஆசிரியர்'. பத்திரிகையை மூடிய பிறகு வரலாறு எழுத உட்கார்ந்தார். பாளையங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. பிறகு மில் தொழிலாளர் போராட்டம் பற்றி ஒன்று. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். கண் மங்கிக்கொண்டு வந்தது.

இப்போது எழுதுவது, பெரிய ஏரி உடைந்து பாதி ஊரை அடித்துக்கொண்டு போன கதை. அது நகரவே மாட்டேன் என்றது.

"ஏன் நிறுத்த வேண்டும்?" என்றார் அம்மையார்.

"அலுத்துவிட்டது அம்மா. பத்திரிகையில் ஒரு வரி தப்பாகப் போட்டால் மறுநாள் காலையில் வாசலில் ஆள் வந்து நின்று சண்டை போடுவான். இப்போது யாரும் வருவதில்லை. சரியாக எழுதினாலும் ஒன்றுதான், தப்பாக எழுதினாலும் ஒன்றுதான்."

"ஏரி உடைந்ததைச் சொல்லுங்கள். கேட்கிறேன்."

அவர் ஆரம்பித்தார். அந்த வருஷத்து மழை. மதகு பழுதென்று எச்சரித்த பொறியாளர். அதைக் கிடப்பில் போட்ட அதிகாரி. கரையின் நீளம், அகலம்.

அம்மையார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அம்பலவாணன் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

"நீங்கள் எழுந்து போய்விட்டீர்களே."

"கீரை முடிந்துவிட்டது."

கோபப்படக்கூட அம்பலவாணனுக்குத் தெம்பில்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத்தானே சொல்வதுபோல் பேசினார்.

"பேச்சித்தாய் என்று ஒருத்தி. விசாரணைக் கமிஷனில் சாட்சி சொன்னவள். அன்றைக்கு உலையில் அரிசி போட்டிருந்தாளாம். ஏதோ இரைச்சல் கேட்டு, என்னவென்று பார்க்கத் தெருமுனைவரை போயிருக்கிறாள். திரும்பினால் வீடு இல்லை. உள்ளே புருஷனும் பிள்ளையும்..."

அம்மையார் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சோறு வெந்ததா?"

"என்ன அம்மா?"

"உலையில் போட்ட அரிசி. வெந்ததா?"

"கமிஷன் அதைக் கேட்கவில்லை."

"நீங்கள்?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்த அம்மாள் இருக்கிறாளா?"

"இருக்கிறாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தங்கச்சி மகன் வீட்டில்."

அம்மையார் எழுந்து போய், வாசலில் கிடந்த அம்பலவாணனின் செருப்பைக் கையில் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தார்.

அம்பலவாணன் பதறி எழுந்துவிட்டார். "அம்மா! நீங்கள் போய் இதை..."

"வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், ஆசிரியரே."

பஸ்ஸில் வரும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. மந்திரிகளை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர். இதைப் போய் எப்படிக் கேட்பது? வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று தோன்றியது. பஸ் நிலையம் வந்துவிட்டது.

பேச்சித்தாய் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வந்தவர் யார் என்று சொன்னதும் சலித்துக்கொண்டாள்.

"ஏரி உடைஞ்சதப் பத்தியா? அதான் அப்பமே எல்லாம் சொல்லியாச்சேய்யா. தண்ணி எந்தப் பக்கம் வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு. திரும்பத் திரும்ப என்னத்தச் சொல்ல?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 அம்பலவாணன் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உலையில அரிசி போட்டிருந்தீங்களே. அது வெந்துச்சாம்மா?"

 அவள் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வெந்துட்டுய்யா" என்றாள். "பிள்ளை தட்டை எடுத்து வச்சு உக்காந்துட்டான். வடிக்கத்தான் தண்ணி விடல."