திருமேனியின் காதுவலி

மலையடிவாரத்து மடம் ஒன்றில், நந்தவனத்துக் கோடியில் தன்னந்தனியாக ஓர் அறை. அதில் சிவக்கொழுந்தும் திருமேனியும் பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தார்கள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே திருமேனி கண்ணை மூடிவிட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். இறந்தவரைப் பற்றிப் பதினாறாம் நாள் சபையில் அவருடைய அறைத்தோழர்தான் பேச வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருக்கக்கூடாது. கூடவே இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலை சிவக்கொழுந்து குருவிடம் போய் நின்றார்.

“சாமி, நாளைக்கு நான் என்னத்தைப் பேசுவேன்? அவன் பொறுமைசாலி, தங்கமான மனுஷன். இதெல்லாம் கொட்டகை மாட்டுக்குக்கூடத் தெரியுமே!”

“உனக்கு மட்டும் தெரிந்தது?”

சிவக்கொழுந்து யோசித்தார்.

“அவனுக்குத் தீராத காதுவலி, சாமி. வந்த முதல் வாரமே பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்திருந்தான். கேட்டேன், காதுவலி என்றான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ரெண்டு காதிலும் விடுவேன். பூண்டு வாடையே ஆகாது அவனுக்கு. இருந்தாலும் குழந்தை மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டுவான். ஒரு நாள் நான் விட்டதில்லை. இதைச் சொல்லலாமா?”

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இன்றைக்கு மாசிலாமணி உன் அறையில் படுக்கட்டும். காலையில் வந்து சொல்.”

மாசிலாமணி மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்பவர். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள்.

மறுநாள் சிவக்கொழுந்து கண்விழித்தபோது மாசிலாமணி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. இரண்டு காதிலும் பஞ்சு.

“அடடா, உமக்குமா காதுவலி? இரும், எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவருகிறேன்.”

“காதுவலியா? யோவ், நீர் விட்ட குறட்டையில் உத்தரத்துப் பல்லியே ஊரைக் காலி பண்ணிவிட்டதய்யா! ஒரு ராத்திரிக்கே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பதினோரு வருஷம் இங்கே படுத்தாரே, அவர் மனுஷனா, தெய்வமா?”

சிவக்கொழுந்து முகம்கூடக் கழுவவில்லை. நேரே குருவிடம் ஓடினார்.

“சாமி, நான் குறட்டை விடுவேனா?”

“வேறு அறை தருகிறேன் என்று ரெண்டு தடவை திருமேனியிடம் சொன்னேன். ‘போனால் அவன் காரணம் கேட்பான், சாமி’ என்று மறுத்துவிட்டான்.”

சிவக்கொழுந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இல்லாத வலிக்கா தினமும் காதைக் காட்டினான்? படுபாவி! நான் என்னமோ அவனுக்குப் பணிவிடை செய்வதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, சாமி?”

குரு அவர் தோளில் கை வைத்தார்.

“சொல்லியிருந்தால் அப்புறம் நீ தூங்கியிருப்பாயா?”