வாக்குமூலத்துக்கு வாசகம் சொன்னவர்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. அதன் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஜெயசீலன். முகத்தைக் காட்டினால் திறக்கும் செல்போனை அலுவலகம் முழுக்க வாங்கிக் கொடுத்து, "என் போனை எமன் வந்தாலும் திறக்க முடியாது" என்று கூட்டம் போட்டுப் பேசியவர். அந்தப் போனிலிருந்தே டெண்டர் விலை போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது. பழி போட ஓர் ஆள் வேண்டுமே. அவருடைய கார் டிரைவர் கிட்டுசாமி அகப்பட்டார்.

முதலாளி தெய்வானையம்மாள் முன்னிலையில் ஜெயசீலன் காகிதத்தை நீட்டினார். "போனைத் திறந்தது நான்தான்னு எழுதிக் குடு. வேலை போறதோட முடிஞ்சிடும். இல்லைன்னா போலீஸ்."

கிட்டுசாமி மறுக்கவில்லை. 'போனைத் திறந்தது நான்தான்' என்று முதல் வரியை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எப்படித் திறந்தேன்னு தெரியலீங்க சார். உங்க மூஞ்சி என்கிட்ட இல்லீங்களே. நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"மூஞ்சி எதுக்குய்யா? ரகசிய நம்பரைப் போட்டாலே திறக்கும்."

"அந்த நம்பரை எனக்கு யாருங்க சொன்னது?"

"நான்தான்யா சொன்னேன்! கண்ணாடி போட்டா வயசு தெரியுதுன்னு, வர்ற மெசேஜையெல்லாம் உன்னைப் படிக்கச் சொல்றேன்ல?"

"எழுதிட்டனுங்க. எனக்கு மட்டும்தானுங்களா?"

"வாட்ச்மேன் படிப்பான், கேன்டீன்காரன் படிப்பான், சலூன்ல..."

அப்போதுதான் ஜெயசீலனின் வாய் நின்றது. கிட்டுசாமியின் பேனா சலூன் வரைக்கும் எழுதி முடித்திருந்தது.

தெய்வானையம்மாள் காகிதத்தை வாங்கிப் படித்தார். முதல் வரியை மட்டும் அடித்தார்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு, ஜெயசீலன். கீழே உங்க கையெழுத்தைப் போடுங்க."