கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கப் போன ராஜா

முன்னொரு காலத்தில் கரட்டுநாடு என்கிற வறண்ட சீமையைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவனைக் கட்டி மேய்க்கிற வேலையை ஆண்டவன் மசக்காளி மந்திரியின் தலையில் எழுதிவிட்டார்.

ஒரு கோடையில் ராஜா மேய்ச்சல் காட்டைப் பார்க்கப் போனான். கூடவே மந்திரியும், ஆற்றங்கரைச் சீமையிலிருந்து வந்து அரண்மனையில் ஒட்டிக்கொண்ட அரங்கநாயகமும் போனார்கள். மந்திரியைக் கண்டாலே அரங்கநாயகத்துக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, புல்லெல்லாம் செத்துக் கிடக்கிறதே! உழுதுபோட்டு உங்கள் பேரில் மாந்தோப்பு வைக்கலாம்" என்றான் அரங்கநாயகம்.

"ஆகா! நாளைக்கே ஏர் பூட்டுங்கள்!"

அங்கே ஆடு மேய்த்த பொன்னாத்தாள் ஓடிவந்து காலில் விழுந்தாள். "சாமி, இந்தக் காடு போச்சுன்னா எங்க செம்மறியெல்லாம் எதைத் திங்கும்?"

மந்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "மகாராஜா, இது கொழுக்கட்டைப் புல். கோடையில் காயும், மழை விழுந்தால் அதே தூரிலிருந்து தழையும். போன வருஷமும் சொன்னேன், முந்தின வருஷமும் சொன்னேன்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிணம் எழுந்துவிடுமா?" என்று சிரித்தான் அரங்கநாயகம்.

"மழை வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன். புல்லுக்கு உயிர் இருக்கிறதென்று இப்போதே காட்டும், இல்லாவிட்டால் ஏர்தான்!" என்றான் ராஜா.

மந்திரி பெருமூச்சு விட்டார். பக்கத்தில் காய்ந்து நின்ற ஒரு களைச்செடியை இரண்டு விரலால் இழுத்தார். வேரோடு வந்தது. "செத்தது இப்படித்தான் வரும். அரங்கநாயகம் ஐயா, இந்தப் புல்லில் ஒரே ஒரு தூரைப் பிடுங்குங்கள். காட்டை நானே உழுகிறேன்."

அரங்கநாயகம் ஒரு கையால் இழுத்தான். இரண்டு கையால் இழுத்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை உதைத்து இழுத்தான். கையில் நாலு புல்தாள் வந்தது. ஆள் மல்லாந்து விழுந்தான்.

"தள்ளும் ஐயா! சோறுதானே தின்கிறீர்?" என்று ராஜாவே குனிந்து இழுத்தான். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

மந்திரி அடித்தூரை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை, ஈரம். "உயிர் இங்கே இருக்கிறது, மகாராஜா."

ராஜா கையை உதறிக்கொண்டே சிரித்துவிட்டான். "இனி இந்தக் காட்டில் ஏர் இறங்கக் கூடாது! மந்திரி, இந்தாரும் என் மோதிரம். அரங்கநாயகம், மழை வரும்வரை பொன்னாத்தாளோடு நீர் ஆடு மேய்க்க வேண்டும்!"

"முருகா!" என்று மந்திரி ஒரு கல்லில் உட்காரப் போனார்.

"மந்திரி! இவ்வளவு கெட்டியான புல்லை அரண்மனை முற்றத்தில் நட்டால் என்ன? பிடுங்கிக்கொண்டு வாரும்!"

மந்திரி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "பிடுங்குவதற்கு நீங்களே வாருங்கள், மகாராஜா."

ராஜா தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்."