மாடத்தியம்மாள் வாசற்படி கடந்த கதை

பொருநைக் கரையில் மருதங்குடி என்றோர் ஊர். அங்கே எழுந்தருளியிருக்கும் மருதவாணரின் அபிஷேகக் குடங்களைப் புளியிட்டுத் துலக்கி வந்தவர் மாடத்தியம்மாள். விடிந்ததும் படித்துறையில் அமர்ந்து, ஐந்தெழுத்தை வாய்க்குள் சொல்லியபடியே தேய்ப்பார். வேலை முடிந்ததும் மகாமண்டபத்துக்குள் போய்ச் சுவாமியைக் கண்ணாரக் காணும் வரை அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

ஐம்பத்தெட்டாம் வயதில் நடுக்குவாதம் வந்தது. வலது கை தானாக ஆடியது. பிறகு கால்கள் படுத்தத் தொடங்கின. வெட்டவெளியில் நடப்பார், வாசற்படியைக் கண்டால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மண்டப வாசலில் வரிசையை மறித்துக்கொண்டு அவர் நிற்க, பின்னால் முணுமுணுப்பு எழும்.

"உள்ள வராதன்னு சாமியே சொல்லுதாரு. ஒனக்குப் புரியலையா?" என்றார் கோயில் மணியக்காரர் ஆவுடையப்பன். கூட்டம் சிரித்தது.

அம்மையார் முகம் சுளிக்கவில்லை. "இம்புட்டு தூரம் கூட்டியாந்தவரு, மிச்சத்துக்கும் வழி காட்டுவாரு ஐயா" என்றார்.

மறுநாள் ஒட்டிக்கொண்ட காலை வலிந்து இழுத்துப் படி தாண்டப் பார்த்தார். முகங்குப்புற விழுந்து நெற்றியில் ஏழு தையல். கணவர் சுடலைமுத்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் செண்பகவல்லி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கால் ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்கம்மா. நில்லுங்க. மூச்சு விடுங்க. பாரத்தை ஒரு கால்ல சாய்ச்சிட்டு, மத்த காலை நல்லாத் தூக்கி வையுங்க. விழாம நடக்கதுதான் பயிற்சி."

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் நடக்க வேண்டும், ஈரத்தரை கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும், களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினாள். உட்காருவதுதான் அம்மையாருக்குக் கடினமாக இருந்தது. பாதி வழியில் ஓய்வது பக்தியில் குறையாகாதா என்று ஒருநாள் கலங்கினார். பிறகு, நிற்கச் சொல்பவரும் சுவாமிதானே என்று மனம் தெளிந்தார்.

அன்று முதல் வெளிப்பிராகாரத்தில், நிழலும் கைப்பிடிச் சுவரும் உள்ள பக்கமாக நடந்தார். எழுத்துக்கு ஓர் அடி: ந, ம, சி, வா, ய. சுடலைமுத்து கூடவே வருவார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும் வழிபாட்டில் சேர்ந்தது. சில நாள் பத்தடிதான். விடவில்லை. எட்டு மாதம் சென்றது.

ஆனித் திருமஞ்சனம் வந்தது. தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அம்மையார் வாசலுக்கு வந்தார். கால் ஒட்டிக்கொண்டது. நடை சாத்த நேரமாயிற்று என்று மணியக்காரர் அவசரப்படுத்தினார். உள்ளே குருக்கள் சன்னிதித் திரையை மூடக் கயிற்றை இழுத்தார். திரை அசையவில்லை. மீண்டும் இழுத்தார், வளையங்கள் கம்பியில் இறுகிக் கிடந்தன.

அம்மையார் அவசரப்படவில்லை. நின்றார். மூச்சு விட்டார். இடப்பக்கம் சாய்ந்து வலக்காலைத் தூக்கினார். "ந" என்றபோது பாதம் படியைத் தாண்டி உள்ளே இறங்கியது. "ய" என்றபோது சன்னிதிக்கு நேரே நின்றார். ஆடும் கைகள் கூப்பியபடியே ஆடின.

கண் நிறையக் கண்டார். அவர் தலை தாழ்த்திய மறுகணம், யாரும் இழுக்காமலே திரை தானாக நகர்ந்து மூடியது.

குருக்கள் கயிற்றைக் கீழே விட்டார். "ஒங்களுக்காகத்தான் சாமி காத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றார். ஆவுடையப்பன் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். அம்மையார் சிரித்துக்கொண்டே அமர்ந்தார்.

ஆண்டவனையே காக்க வைத்த அந்த நிதானத்துக்கு நம் வணக்கம்.